மயில் பார்க்கப் போகிறீர்களா? பெட்டையிலிருந்து தொடங்குங்கள்

விராலிமலைக்கு மயில் பார்க்க வருகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள், படியேறுவார்கள், பாறைமேல் நிற்கும் ஓர் ஆண் மயிலைக் கைபேசியில் பிடித்துக்கொள்வார்கள். அது தோகை விரிக்கும் என்று பத்து நிமிடம் காத்திருப்பார்கள். அது விரிக்காது. "இன்றைக்கு நமக்குக் கொடுத்துவைக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அவர்கள் நின்ற இடத்துக்கு இருபதடி தள்ளிப் புதரடியில் நான்கு பெட்டைகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

இந்தக் கட்டுரை அப்படிப் பாதியில் இறங்கிப் போகிறவர்களுக்காக. பறவை பார்த்தல் என்பதே உங்களுக்குப் புதிது என்றால் மயிலில் தொடங்குவதுதான் நல்லது என்பேன். உருவம் பெரிது, குரல் பெரிது, அதிக நேரம் தரையில் இருக்கும், மனிதர்களைக் கண்டு அவ்வளவாக மிரளாது. சிட்டுகளைப் போல இலைக்குள் ஒளிந்து உங்கள் கழுத்தை வலிக்கவைக்காது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தோகையை மறந்துவிட்டு வாருங்கள்.

முதலில் நேரம்

விடிந்து இரண்டு மணி நேரம், பிறகு மாலை நாலரை மணிக்கு மேல். நடுப்பகலில் போனால் நிழலில் படுத்துக் கிடக்கும் முதுகுகளைத்தான் பார்க்கலாம். காலையில் மரத்தை விட்டு இறங்கியதும் மயில்கள் திறந்த வெளிக்கு வந்து மேயும். வெயில் ஏற ஏறப் புதருக்குள் ஒதுங்கும். மாலையில் தண்ணீர் குடிக்க வெளியே வந்து, மறுபடி மேய்ந்து, இருட்டுவதற்குள் மரமேறும். இந்தக் கால அட்டவணை அநேகமாக மாறுவதில்லை.

ஆட்டத்தையும் பார்க்கவேண்டும் என்றால் பருவம் முக்கியம். தென்னிந்தியாவில் இனப்பெருக்கம் உச்சத்தில் இருப்பது ஏப்ரல், மே மாதங்களில். வட இந்தியாவில் ஜூன் வாக்கில். பருவம் முடிந்ததும் ஆண் மயில் தோகையை உதிர்த்துவிடும். வடக்கே ஆகஸ்ட் இறுதிக்குள் உதிர்ந்து, பிப்ரவரியில் மறுபடி வளரத் தொடங்குகிறது. தோகை இல்லாத ஆண் மயிலை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் "யாரோ பிடுங்கிவிட்டார்கள்" என்று பதறுவதுண்டு. யாரும் பிடுங்கவில்லை. ஆண்டுதோறும் நடப்பதுதான்.

இடம்

விராலிமலைதான் என்றில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து மானாவாரி நிலங்கள், கரடுகள், கண்மாய்க் கரைகள், தென்னந்தோப்புகள் என்று மயில் இல்லாத இடத்தைத் தேடவேண்டியிருக்கிறது. மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கும் இடமாகப் பாருங்கள்: மேய்வதற்குத் திறந்த தரை, ஓடி ஒளிய முட்புதர், இரவில் ஏறி அமர உயரமான மரம். பக்கத்தில் தண்ணீர் இருந்துவிட்டால் தேடுதல் முடிந்தது. அந்த ஊரில் ஆடு மேய்க்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பறவைப் புத்தகமும் சொல்லாத பதில் கிடைக்கும்: "அந்த அரசமரத்துக்குத்தான் அண்ணே பொழுது சாய வரும்."

கையில் இருநோக்கி இருந்தால் நல்லது. வாங்குவதாக இருந்தால் 8×42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். இல்லாவிட்டாலும் குறையில்லை. மயிலுக்கு வெறுங்கண்ணே தாராளம். உடையில் மட்டும் பளீர் நிறங்களைத் தவிருங்கள். போய்ச் சேர்ந்ததும் மயிலை நோக்கி நேராக நடக்காதீர்கள். வேறு எங்கோ போகிறவரைப் போலச் சாய்வாக நடந்து, இருபது முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். நிற்கிற ஆளைவிட உட்கார்ந்த ஆளை அது சீக்கிரம் மறந்துவிடும்.

காதைத் தீட்டுங்கள்

குயில் கூவும், காகம் கரையும், மயில் அகவும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அகவுதல் என்றால் என்ன என்பதை ஒரு விடியற்காலையில் கேட்டால்தான் புரியும். குழந்தை வீறிட்டதா பூனை கத்தியதா என்று ஐயுறும்படியான, இழுத்து முடியும் உரத்த குரல். ஒன்று தொடங்கினால் அடுத்த கரட்டிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும். இனப்பெருக்கக் காலத்தில் நாள் முழுதும் கேட்கலாம்.

இதைத் தவிர இன்னொரு குரலும் உண்டு. தொண்டைக்குள்ளிருந்து அடுத்தடுத்து வரும் குறுகிய, வேகமான ஒலி. அது எச்சரிக்கை. நாயோ கீரியோ பாம்போ கண்ணில் பட்டிருக்கிறது என்று பொருள். காட்டில் வழிகாட்டிகள் சிறுத்தையின் நடமாட்டத்தை மயிலின் இந்தக் குரலைக் கொண்டும் ஊகிப்பார்கள். நீங்கள் போய் உட்கார்ந்ததும் இந்தக் குரல் கேட்டால், எச்சரிக்கை உங்களைப் பற்றித்தான். இன்னும் பத்தடி பின்னால் போங்கள்.

யார் யார் என்று பிரித்தறியுங்கள்

ஒரு மயில் கூட்டத்தில் நான்கு வகை ஆட்கள் இருக்கலாம்: தோகை முற்றிய ஆண், இளம் ஆண், பெட்டை, குஞ்சு. வருகிறவர்களுக்கு முதல் ஆளை மட்டும் தெரியும். ஆகவே அதைக் கடைசியாக வைத்துக்கொள்வோம்.

பெட்டையின் உடல் மண் நிறம். வயிறு வெளுப்பு. கழுத்தின் கீழ்ப்பகுதியில் மட்டும் பச்சை மினுங்கும், வெயில் சாய்ந்து விழும்போது பட்டுப் புடவைக் கரை போல. தலையில் கொண்டை உண்டு. நம்மில் பலர் கொண்டை ஆணுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். பெட்டையின் கொண்டை செம்பழுப்பு முனையோடு இருக்கும். ஆணின் கொண்டையில் வெறும் காம்புகள் நின்று, நுனியில் மட்டும் நீலப்பச்சைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். எடை இரண்டே முக்காலிலிருந்து நான்கு கிலோ வரை. அடைகாக்கிறவள் கண்ணில் படாமல் தரையோடு தரையாக இருக்கவேண்டும் என்பதற்காகவே செய்த உடை அது. ஒரு முறை பாறை ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஆறடி தள்ளிக் கிடந்த கல் ஒன்று கண் சிமிட்டியது. அதன் பிறகுதான் அது கல் இல்லை என்று தெரிந்தது.

இளம் ஆணைப் பெட்டை என்று நினைத்து ஏமாறாதவர் கிடையாது. முதலாண்டில் உடல் நிறம் பெட்டையைப் போலவே இருக்கும். சிறகை விரிக்கும்வரை காத்திருங்கள். ஆணாக இருந்தால் பெரிய சிறகிறகுகள் செங்கல் நிறமாகத் தெரியும். தோகை இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு வளரத் தொடங்கி, முழு நீளம் எட்ட நான்கு வயதாகும்.

இனி ஆண். கழுத்தின் நீலத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. புடவைக் கடையில் 'மயில் கழுத்து' என்று கேட்டால் எடுத்துப் போடுகிற அதே நிறம். மடக்கிய சிறகில் கருப்பும் வெளுப்புமாகக் குறுக்குக் கோடுகள், கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பட்டை, காலில் முள். அலகிலிருந்து வால் வரை ஒரு மீட்டருக்குச் சற்று மேல். தோகையோடு அளந்தால் இரண்டு மீட்டரைத் தொடும், சிலவற்றில் தாண்டும். எடை நான்கிலிருந்து ஆறு கிலோ.

இங்கே ஒரு பொதுத் தவற்றைத் திருத்தியாகவேண்டும். தோகை மயிலின் வால் அல்ல. வாலுக்கு மேலே முதுகிலிருந்து வளரும் மூடிறகுகள்தான் நீண்டு தோகையாகின்றன. சுமார் 200 இறகுகள். உண்மையான வால் அதன் அடியில், பழுப்பு நிறத்தில், குட்டையாக, 20 இறகுகளோடு இருக்கிறது. மயில் தோகை விரித்திருக்கும்போது பின்பக்கம் போய்ப் பாருங்கள். பந்தலைத் தாங்கும் மூங்கில் கால்கள் போல அந்த வால் தோகையை முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். எல்லோரும் முன்பக்கம் நிற்பதால் இதைப் பார்த்தவர் குறைவு.

இன்னொன்று. அந்த நீலமும் பச்சையும் சாயம் அல்ல. உதிர்ந்த பீலி ஒன்று கிடைத்தால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள், பழுப்பாகத் தெரியும். வெளிச்சத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள், நீலமும் பச்சையும் பொன்னும் திரும்பி வந்துவிடும். இறகின் நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறங்கள் அவை. பீலியை அரைத்தால் நீலப் பொடி கிடைக்காது, பழுப்புப் பொடிதான் மிஞ்சும். சிறு வயதில் நோட்டுப் புத்தகத்துக்குள் பீலியை வைத்து, பென்சில் சீவலை அதற்கு இரையாகப் போட்டு, குட்டி போடும் என்று காத்திருந்தவன் நான். அது போடவில்லை. ஆனால் தினம் திறந்து பார்த்ததில் நிறம் மாறும் விசித்திரத்தை அப்போதே கவனித்திருந்தேன், காரணம்தான் தெரியவில்லை.

பெயரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண் பறவைகளுக்கெல்லாம் 'சேவல்' என்ற பெயர் பொருந்தும், மயிலுக்கு மட்டும் பொருந்தாது என்கிறது தொல்காப்பிய மரபியல். மயிலுக்குப் 'போத்து' என்ற பெயரைத் தருகிறது. நான் இந்தக் கட்டுரையில் ஆண் மயில் என்றே எழுதுகிறேன், போத்து என்றால் இன்று பலருக்குப் புரியாது. பறவை நூல்களில் 'கானமயில்' என்று பார்த்தால் அதையும் மயில் என்று எண்ணிவிடாதீர்கள். அது புல்வெளியில் வாழும் வேறொரு பெரும் பறவை, அழிவின் விளிம்பில் இருப்பது.

அலகைப் பாருங்கள்: இரை

மயில் எதைத் தின்னும் என்று கேட்டால் எதைத் தின்னாது என்று திருப்பிக் கேட்பேன். அது கோழியின் சாதி. கோழி, காடை, கௌதாரி, மயில் எல்லாம் ஒரே குடும்பம். வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தவருக்கு மயிலின் பாதி நடத்தை ஏற்கெனவே தெரியும். காலால் பறிக்கும், ஒரு அடி பின்வாங்கும், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் தரையைப் பார்க்கும், கொத்தும். இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களையும் விழுங்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பெட்டையைத் தேர்ந்து அரை மணி நேரம் அவள் அலகை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். என் பழைய பக்கம் ஒன்றில் எழுதியிருப்பது இது: புல் விதை, புல் விதை, வெட்டுக்கிளி (தப்பியது), புல் விதை, இலந்தைப் பழம், ஏதோ ஒரு பூச்சி, மண், நீண்ட நேரம் எதுவுமில்லை, அரணை. அந்த அரணையை அவள் இரண்டு முறை தரையில் அடித்து விழுங்கினாள். அருகிலிருந்த இன்னொரு பெட்டை அதைப் பறிக்க ஓடிவந்தாள், முடியவில்லை. ஆண் மயிலோ அந்த நேரம் முழுவதும் கழுத்தை நீட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தது.

விதை, தானியம், இளந்தளிர், பழம், பூச்சி, கறையான், ஈசல், தவளை, பல்லி, சுண்டெலி, சிறு பாம்பு எல்லாம் இரைதான். குஜராத்தின் கிர் காட்டில் உதிர்ந்து கிடக்கும் இலந்தைப் பழங்கள் மயிலின் உணவில் பெரும்பங்கு வகிக்கின்றன. மயில் பாம்பைக் கொல்லும் என்ற பெருமை பாதி உண்மை. குட்டிப் பாம்பைத் தின்னும். பெரிய பாம்பென்றால் கூட்டமாகச் சுற்றி நின்று கத்தும், தள்ளியே நிற்கும். வேலும் மயிலும் பாம்பும் உள்ள படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நிலக்கடலை விதைத்துவிட்டு வந்தவரிடம் மயிலின் அழகைப் பற்றிப் பேசாதீர்கள். விதைத்த பருப்பை வரிசை பிசகாமல் கிளறி எடுத்துத் தின்னும். நெல், தக்காளி, மிளகாய், வாழை எதையும் விடாது. விடியற்காலையில் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பில் நிற்கும் விவசாயியின் கோபம் நியாயமானது. அவர் நிலத்துக்குள் மயில் பார்க்க நுழையும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் அந்தக் கோபம் பூச்சிமருந்து கலந்த தானியமாக மாறிவிடுகிறது. மயில்கள் கூட்டமாகச் செத்துக் கிடக்கும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் எதையும் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் இரை போடவேண்டாம். கோயில் வாசலில் பொரி வீசுவது புண்ணியமாகத் தோன்றும். ஆனால் பொரிக்குப் பழகிய மயில் சாலையோரத்துக்கும் நாய்களின் வாய்க்கும் பழகிவிடும். மலைக்கோயில்களில் அந்தப் பொரியின் பெரும்பங்கு குரங்குக்குத்தான் போகிறது, உங்கள் கைப்பையையும் சேர்த்து.

வெயில் நேரத்து வேலைகள்

புழுதிக் குளியலைத் தவறவிடாதீர்கள். புதரோரத்தில் தட்டு அளவில் வழவழப்பான குழிகள் தென்பட்டால் அவை அதற்கானவை. மயில் அதில் சாய்ந்து படுத்து, மண்ணைக் காலால் இறகுக்குள் வாரி இறைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கிடக்கும். எழுந்து ஒரு உதறு உதறும்போது அதைச் சுற்றி ஒரு புகை மண்டலம் எழும். பேன், உண்ணி போகவும் இறகு சீராகவும் இது. குழியைச் சுற்றிப் பாருங்கள்: கோழியின் காலடியைப் பெரிதாக்கினாற்போல் தடங்கள், எச்சம், உதிர்ந்த சிறு இறகுகள். மயில் கண்ணில் படாத நாளிலும் இவை கிடைக்கும்.

வண்டியில் போனால் பக்கக் கண்ணாடியை மடக்கிவையுங்கள், அல்லது துணி போட்டு மூடுங்கள். பருவ காலத்தில் ஆண் மயில் தன் பிம்பத்தைப் போட்டியாளன் என்று நினைத்துச் சண்டைக்கு வரும். என் பழைய பைக்கின் பெட்ரோல் டேங்க்கில் இன்றும் நான்கு கீறல்கள் இருக்கின்றன.

ஆட்டம்: நேராகப் பார்க்காமல், பெட்டையின் பக்கத்திலிருந்து

இப்போது நீங்கள் வந்த விஷயத்துக்கு வருவோம். மேகம் கண்டு மயில் ஆடுகிறது என்பார்கள். நம்மூரில் அது ஆடும் மாதமும் கோடை மழையின் மாதமும் ஒன்றாக விழுவதால் வந்த எண்ணம். அது ஆடுவது பெட்டைக்காக. ஆகவே வானத்தைப் பார்க்காதீர்கள், பெட்டைகள் எங்கே மேய்கின்றன என்று பாருங்கள். அவை மேயும் பாதைக்கு அருகே ஒரு மொட்டைத் திடலில் ஓர் ஆண் நின்று அகவிக்கொண்டிருக்கும். சற்றுத் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் மற்றொன்று. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் ஆளுக்கொரு இடம் பிடித்து நிற்பது மயில்களின் வழக்கம். அந்தத் திடலைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் இடம் முடிவாகிவிட்டது. அதே ஆண் அதே இடத்துக்கு நாள்தோறும் வரும்.

தோகை எழும்போது ஒரு சரசரப்புக் கேட்கும். பிறகு நீண்ட நேரம் எதுவும் நடக்காது, மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும். பெட்டை அருகே வந்ததும் அது செய்யும் காரியத்தைப் பார்த்துப் புதியவர்கள் சிரிப்பார்கள். பெட்டைக்கு முதுகைக் காட்டும். செங்கல் நிறச் சிறகுகளைத் தொங்கவிட்டு நடுக்கிக்கொண்டு பின்பக்கமாகவே அவளை நோக்கி நகரும். நெருங்கியதும் சட்டென்று திரும்பும். மொத்தத் தோகையும் அவள் முகத்துக்கு எதிரே வந்து நிற்கும்.

அப்போது தொடங்குகிறது நடுக்கம். தோகையின் இறகுகள் நொடிக்குச் சுமார் 25 முறை அதிர்கின்றன. காய்ந்த பனையோலையில் மழை விழுவதுபோல் ஒலி கேட்கும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு விசித்திரத்தைக் காட்டியது. இத்தனை அதிர்விலும் பீலிக்கண்கள், அதாவது இறகு நுனியில் கண் போலத் தெரியும் வட்டங்கள், ஏறத்தாழ அசையாமல் நிற்பதுபோல் தெரிகின்றன. கண் பகுதியின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், சுற்றியுள்ள தளர்ந்த இழைகள் மட்டும் துடிக்கின்றன. அலையடிக்கும் குளத்தின் மேல் நகராமல் நிற்கும் விளக்குகள் போல. அடுத்த முறை பார்க்கும்போது முழுத் தோகையையும் பார்க்காமல் ஒரே ஒரு கண்ணை மட்டும் பாருங்கள், புரியும்.

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதை நினைவிருக்கும். அது குளிரில் நடுங்குகிறது என்று இரங்கிக் கொடுத்தான் என்று புறநானூற்றில் பரணர் பாடுகிறார். இந்த அதிர்வைப் பத்தடி தூரத்தில் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். பழனி மலைப் பக்கத்து அந்த மயில் குளிரில் நடுங்கியதா, அல்லது புதருக்குள் நின்ற பெட்டையை மன்னன் கவனிக்கவில்லையா? கொடை கொடைதான். ஆனால் அந்த மயில் போர்வையை விரும்பியிருக்காது என்றே படுகிறது.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நடுக்கத்தின்போது ஆண் மயில் சூரியனுக்குச் சுமார் 45 பாகை சாய்வில், பெட்டையை எதிரே வைத்து நிற்க முயல்வது ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. அந்தச் சாய்வில்தான் பீலிக்கண்கள் அதிகம் மினுங்கும். அதாவது நல்ல வெளிச்சமுள்ள கோணம் பெட்டை நிற்கும் பக்கம். நீங்களும் அவளுக்குப் பின்னால் தள்ளி உட்காருங்கள்.

இனி அவளைப் பாருங்கள். பெரும்பாலும் தரையைக் கொத்திக்கொண்டிருப்பாள், பார்க்காததுபோல. 2013இல் பெட்டைகளின் தலையில் கண்ணசைவைப் பதியும் சிறு கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். அவை ஆணின் கொண்டையையோ முகத்தையோ அவ்வளவாகப் பார்ப்பதில்லை. தோகையின் கீழ் ஓரத்தைத்தான் இடமும் வலமுமாக நோட்டமிடுகின்றன. நாம் நிமிர்ந்து பார்த்து வியக்கும் உச்சிப் பகுதி தொலைவில் இருப்பவளைக் கூப்பிட உதவுகிறது போலும். ஓர் ஆணைப் பார்த்துவிட்டு அடுத்த திடலுக்குப் போவாள், மறுபடி திரும்பி வருவாள், பல நேரம் வராமலே போவாள். அவள் இசைந்தால் தரையில் தாழ்ந்து உட்காருவாள். ஆண் உரக்கக் குரல் எழுப்பிக்கொண்டு பாய்ந்து வரும். ஒன்றும் நடக்காதபோதும் ஆண்கள் சில சமயம் அதே குரலை எழுப்புவதுண்டு. தன்னிடம் ஏற்கெனவே ஒருத்தி வந்துவிட்டாள் என்று மற்ற பெட்டைகளை நம்பவைக்கும் விளம்பரம்.

மயில் கூடுவதில்லை, ஆணின் கண்ணீரைக் குடித்துப் பெட்டை கருத்தரிக்கிறது என்று ஒரு கதை உலவுகிறது. 2017இல் நீதிபதி ஒருவரே அதைப் பத்திரிகையாளர்களிடம் சொல்லி, நாடே பேசியது. கோழி எப்படியோ மயிலும் அப்படியே.

கூடும் குஞ்சும்

இதைத் தேடிப் போகாதீர்கள். தற்செயலாகக் கண்ணில் பட்டால் உடனே விலகுங்கள். தரையில் புதரடியில் ஆழமில்லாத குழி, அதில் நான்கு முதல் எட்டு வரை வெளிர் நிற முட்டைகள். பெட்டை மட்டும் சுமார் 28 நாள் அடைகாக்கிறாள். ஆணுக்கு அதில் பங்கில்லை. நீங்கள் நடந்த தடத்தைப் பின்பற்றி நாயும் கீரியும் வரும் என்பதை மறக்கவேண்டாம். குஞ்சுகள் பொரித்ததும் தாயின் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும். அவள் கொத்தும் இடத்தில் கொத்திப் பழகும். தனியாக ஒரு குஞ்சைக் கண்டால் அநாதை என்று வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள். தாய் பத்தடிக்குள் புதரில் நின்று நீங்கள் போகக் காத்திருப்பாள்.

பீலி எடுக்கலாமா?

மயில் 1963 முதல் இந்தியாவின் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. தானாக உதிர்ந்த தோகை இறகை வைத்துக்கொள்ள நாட்டுக்குள் தடையில்லை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது இதில்தான். உதிர்ந்த இறகின் அடிக்காம்பு காய்ந்து சுத்தமாக இருக்கும். பிடுங்கியதில் சதையோ இரத்தக் கறையோ இருக்கும். கட்டுக் கட்டாக விற்கிறவரிடம் அடியைப் பாருங்கள். சந்தையில் 'மயிலெண்ணெய்' என்று மூட்டுவலிக்கு விற்பார்கள். அது உண்மையானதாக இருந்தால் ஒரு மயில் செத்திருக்கிறது, பொய்யானதாக இருந்தால் உங்கள் காசு போயிருக்கிறது.

கடைசி அரை மணி நேரம்

பெரும்பாலானவர்கள் கிளம்பிவிடும் நேரம் இது. நீங்கள் இருங்கள். சூரியன் மறையும் தறுவாயில், அவை இரவு தங்கும் மரம் தெரியும்படி, வானம் வெளுத்திருக்கும் மேற்குப் பக்கம் பார்த்து உட்காருங்கள்.

மயில்கள் ஒவ்வொன்றாக மரத்தடிக்கு வரும். அண்ணாந்து பார்க்கும். கழுத்தை நீட்டும், சுருக்கும், மறுபடி நீட்டும். கிணற்றில் குதிக்கத் தயங்கும் பையனைப் போல. பிறகு சிறகுகள் படபடக்க எழும்பி ஒரு தாழ்ந்த கிளை, அங்கே சிறிது நேரம், அடுத்து இன்னும் உயர்ந்த கிளை. ஐந்து கிலோ உடம்பையும் அதைவிட நீளமான தோகையையும் தூக்கிக்கொண்டு ஆண் மயில் ஏறுவதைப் பார்த்தால், இது பறக்காது என்று சொல்கிறவர்களை நினைத்துச் சிரிப்பு வரும். உச்சியில் அமர்ந்ததும் தோகை கிளைக்குக் கீழே தொங்கும். வானத்தின் எதிரே நிழலுருவாகத் தெரியும்போது எண்ணுவது எளிது. தொங்குவது ஆண். தொங்காதது பெட்டையோ இளம் ஆணோ.

டார்ச் அடிக்காதீர்கள். ஃபிளாஷ் வேண்டாம். மிரண்டு இருட்டில் பறந்தால் மின்கம்பியில் மோதும். இருட்டு கெட்டியாகும்வரை கடைசியாக ஒரு பெட்டை தரையிலேயே நிற்பதைப் பார்க்கலாம். முதலில் ஏன் என்று தெரியாது. பிறகு அவள் காலடியில் மூன்று சிறிய உருவங்கள் அசைவது தெரியும். அவள் தாழ்ந்த கிளைக்கு எழும்பி, கீழே பார்த்து மெல்லக் குரல் கொடுப்பாள். ஒன்று தத்தி ஏறும். இன்னொன்று விழும், மறுபடி ஏறும். மூன்றாவதும் ஏறி, அவள் சிறகுக்கடியில் போய் மறையும்வரை எழுந்திருக்காதீர்கள்.